மிளகாய்க் காலமும் மாவட்டக் கோட்டாவும்: வன்னியிலிருந்து பார்க்கும் எழுபதுகள்

மல்லாவிப் பக்கத்தில் எழுபது எண்பது வயதுக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தால் 'மிளகாய்க் காலம்' என்ற சொல் எப்படியும் ஒரு தடவையாவது வந்து விழும். கல்யாணம் செய்தது, கல்வீடு கட்டியது, உழவு இயந்திரம் எடுத்தது, மூத்த பிள்ளையை யாழ்ப்பாணத்தில் விட்டுப் படிப்பித்தது எல்லாம் அந்தக் காலத்தில்தான் நடந்திருக்கும். எந்த ஆண்டு என்று கேட்டால் 'சிறிமாவின்ரை காலம்' என்பார்கள். அதாவது 1970 முதல் 1977 வரை. அதே ஏழு ஆண்டுகளைப் பற்றிக் கொழும்பில் வாழ்ந்த ஒருவரைக் கேட்டால் பாணுக்கு நின்ற வரிசையைச் சொல்வார். யாழ்ப்பாணத்தவர் தரப்படுத்தல் என்பார். மலையகத்தவருக்கு அது பட்டினிக் காலம். கிழக்கிலங்கையில் ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் தமக்கு நியமனம் கிடைத்த காலம் என்று சொல்லக்கூடும்.

அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் தங்கள் 1960களைத் தனியொரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம், 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம், வியட்நாம் யுத்தம், 1967இல் படையில் சேர மறுத்து உலகப் பட்டத்தையே இழந்த முகம்மது அலி என்று அந்தப் பத்தாண்டை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிக் குவித்திருக்கிறார்கள். எமக்கும் அப்படியொரு பத்தாண்டு உண்டு. அது 1970 மே மாதத்துப் பொதுத்தேர்தலில் தொடங்கி 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகத்துச் சாம்பலில் முடிகிறது என்பது என் கணக்கு. அதைப் பற்றி எழுதியவர்களும் குறைவில்லை. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துதான் எழுதினார்கள். அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் பிறந்த நான் கண்டதை எழுதவில்லை. கேட்டதையும் வாசித்ததையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கிறேன்.

முதலில் மிளகாய். 1970 தேர்தலில் 151 ஆசனங்களில் 116ஐக் கைப்பற்றி ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. திறைசேரியில் வெளிநாட்டுச் செலாவணி இல்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி மறிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த செத்தல் நின்றதும் நாட்டின் குழம்புச் சட்டி முழுவதும் வரண்ட வலயத்தைப் பார்த்துத் திரும்பியது. அதற்கு முந்திய ஆட்சியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர்களுக்கென்று காணி கொடுத்திருந்தார்கள். வேலை கிடைக்காமல் மனமின்றி மண்வெட்டி பிடித்த அந்தப் பொடியள் இரண்டு போகத்தில் பணக்காரரானார்கள். எங்கள் பக்கத்தில் பாலியாற்றை மறித்துக் கட்டிய பழைய வவுனிக்குளம் சுதந்திரத்துக்குப் பின்னர் திருத்தப்பட்டு, அதன் கீழ் குடியேற்றங்கள் வந்திருந்தன. நெல் விதைத்தவர்கள் மேட்டுக்காணியில் கிணறு வெட்டி இறைப்பு இயந்திரம் வைத்தார்கள். என் பெரியப்பா செத்தல் விற்ற காசில் நாற்சார் வீடு கட்டினார். 2009க்குப் பிறகு மெனிக் பாம் முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வீட்டுச் சுவர் இடுப்பளவு உயரத்தில் நின்றது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, 'சிறிமாவின்ரை சுவர்' என்று சொல்லிச் சிரித்தார்.

இந்தச் செழிப்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எங்களவர் அதைச் சொல்லாமல் கடந்துவிடுவார்கள். மிளகாய் ஆய்வதற்கும் புல்லுப் பிடுங்குவதற்கும் நிறையக் கை வேண்டும். அந்தக் கைகள் மலையகத்திலிருந்து வந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா எடுக்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கவும் தீர்மானமாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்குபோட்டுக்கொண்டன. ஆட்களை இப்படி எண்ணிப் பங்கிட்ட அதே வேளையில் தோட்டங்களில் 1973, 1974 ஆண்டுகளில் பசி தாண்டவமாடியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோது பல குடும்பங்கள் லயத்தையும் இழந்தன. 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு இந்த வருகை பெருகிற்று. வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தீயம் இயக்கம், கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் முன்னின்று நடத்தியது, அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. ஆனால் எல்லாரும் காந்தீயத்தின் கண்ணில் படவில்லை. தோட்டக்காரரின் காணி மூலையில் கொட்டில் போட்டு, நாட்கூலிக்கு நின்று, காணிப் பத்திரம் இல்லாமலே செத்துப்போனவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நான் இப்போது படிப்பிக்கிறேன். இடாப்பில் முகவரிக்குரிய இடத்தை நிரப்பும்போது அவர்கள் இன்னமும் சற்றுத் தயங்குகிறார்கள்.

இனி, இந்தச் சஞ்சிகையின் வாசகர்களோடு நான் உண்மையில் பேச விரும்பிய விடயத்துக்கு வருகிறேன்.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து ஏ9 பாதை திறந்த சில ஆண்டுகளில் நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்றேன். விடுதியில் என் அறையில் இன்னும் இருவர். ஒருவன் வடமராட்சி. மற்றவன் மன்னார் முசலிப் பக்கத்தவன். 1990இல் பெற்றோரோடு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முகாமில் வளர்ந்தவன். ஒருநாள் இரவு தரப்படுத்தல் பற்றிப் பேச்சு வந்தது. வடமராட்சி நண்பன் தன் மாமனார் மருத்துவபீடத்துக்குப் போக முடியாமற்போன கதையைச் சொல்லி, 'எல்லாம் அந்த முஸ்லிம் மந்திரி செய்த வேலை' என்றான். முசலி நண்பன் பதில் சொல்லவில்லை. விளக்கை நூர்த்துவிட்டுப் படுத்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்த மந்திரி அல்ஹாஜ் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராக் கல்லூரியின் ஸ்தாபக அதிபர், இஸ்லாமிய சோஷலிச முன்னணியின் தலைவர், 1970 முதல் 1977 வரை கல்வி அமைச்சர். அவருடைய காலத்தில் பல்கலைக்கழக அனுமதியில் நடந்த மாற்றங்களை 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு வேறுபட்ட காரியங்கள்.

முதலாவது, மொழிவாரியானது. 1971இல் மருத்துவபீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூல மாணவர் 250 எடுக்க வேண்டியிருந்தது. இதற்கு நியாயம் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 250 தமிழருக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று, தமிழில் எழுதிய எவருக்கும் விதிக்கப்பட்டது. கல்முனையிலோ மூதூரிலோ எருக்கலம்பிட்டியிலோ தமிழில் பரீட்சை எழுதிய முஸ்லிம் பிள்ளையும் அதே 250 எடுக்க வேண்டியிருந்தது. அமைச்சர் தம் சமூகத்துக்காகச் செய்த சூது அது என்றால், அந்தச் சூது முதலில் அந்தச் சமூகத்துப் பிள்ளையைத்தான் அடித்திருக்கிறது.

இரண்டாவது, 1974இல் வந்த மாவட்டக் கோட்டா. சனத்தொகைக்கேற்ப ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இடங்களைப் பிரிப்பது அதன் உள்ளடக்கம். 1971 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் 1 கோடியே 27 இலட்சம் மக்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தோர் ஏறத்தாழ 7 இலட்சம். நூறுக்கு ஐந்தரை. அமெரிக்க மிஷன் காலத்திலிருந்தே நல்ல பாடசாலைகளும் ஆய்வுகூடங்களும் கண்ட ஒரு மாவட்டத்துக்கு அந்த ஐந்தரை பெரும் வெட்டு. அங்கே ஒரு தலைமுறையின் நெஞ்சில் அது ஏற்படுத்திய வெறுப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வெறுப்பு எங்கெங்கே போய் முடிந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் வவுனியாவிலும் மன்னாரிலும் அதே சட்டம் வேறொன்றைச் செய்தது. அன்றைய வவுனியா மாவட்டம், முல்லைத்தீவையும் சேர்த்து, ஒரு இலட்சம் பேரைக்கூடத் தொடவில்லை. உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாத பாடசாலைகள், காட்டு வழியே மைல் கணக்கில் நடந்துவரும் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்கு முதன்முதலாகப் பல்கலைக்கழகம் எட்டும் தூரத்தில் வந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருகோணமலையிலும் மன்னாரிலும் இருந்த முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அப்படியே. வசதியுள்ள சில யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளைகளை வவுனியாப் பாடசாலைகளில் பதிந்து அந்த இடங்களையும் பிடித்தார்கள் என்று எங்கள் முதியவர்கள் இப்போதும் மனத்தாங்கலோடு சொல்வார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். யாழ்ப்பாணத்தின் கதவைச் சாத்திய கைதான் எங்கள் கதவைத் திறந்தது என்பதை நாங்கள் ஒருபோதும் உரத்துச் சொல்லவில்லை. 'தமிழருக்கு இழைத்த அநீதி' என்று மேடையில் சொன்னபோது வன்னித் தமிழரும் கைதட்டினோம். மாவட்ட இடத்தில் பல்கலைக்கழகம் போன எங்கள் பிள்ளைகளும் கைதட்டினார்கள்.

இந்தச் சங்கடம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் 1960கள் திறந்த கதவுகளைப் பற்றி, 1978இல் பாக்கி என்ற மாணவர் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கறுப்பு மாணவருக்கும் ஏனைய சிறுபான்மையினருக்கும் குறித்த எண்ணிக்கையில் இடம் ஒதுக்குவது கூடாது, ஆனால் அனுமதியில் இனத்தையும் ஒரு காரணியாகப் பார்க்கலாம் என்பது அதன் சாரம். 2023இல் அதையும் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். அங்கே 45 ஆண்டுகள் வழக்காடினார்கள். நாங்கள் வழக்காடவில்லை. 1976இல் 70 வீதம் புள்ளிக்கும் மீதி மாவட்டத்துக்கும் என்று மாறி, பின்னர் வேறு விகிதங்களில் அது நிலைத்துவிட்டது. எங்கள் தகராறு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. பாசறைக்குப் போயிற்று.

அமைச்சர் சகல விதத்திலும் குற்றமற்றவர் என்று வாதாடுவதும் என் நோக்கமில்லை. 250க்கும் 229க்கும் பொறுப்பான அமைச்சரவையில் அவர் இருந்தார், கல்வி அவருடைய கையில் இருந்தது. தமது சமூகத்தினருக்கு ஆசிரியர் நியமனங்களை அள்ளிக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. கொடுத்தார்தான். முஸ்லிம் பாடசாலைகளில் ஆசிரியர் பற்றாக்குறை எவ்வளவு இருந்தது என்று பார்த்தால், அது குற்றமா கடமையா என்பதைப் பாடசாலை நடத்துகிறவன் என்ற முறையில் நான் ஒருவாறு ஊகிப்பேன். ஆனால் அமைச்சரவை முழுவதும் சேர்ந்து செய்த காரியம் ஒரு தனி மனிதனின் பெயரிலும், அவன் மூலமாக ஒரு சமூகத்தின் பெயரிலும் எழுதப்பட்டுவிட்டது. 1972 மே 22இல் வந்த குடியரசு யாப்பு, சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவை நீக்கியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. அந்த இழப்பு தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. அதைச் சேர்ந்து அழ முடியாமல் போனதற்குப் பல்கலைக்கழக அனுமதிச் சண்டையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சேர்ந்து நிற்க ஒரு வாய்ப்பு வராமலும் இல்லை. 1976 பெப்ரவரி 2ஆம் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலில் பொலிசார் சுட்டதில் ஏழு முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதைப் பாராளுமன்றத்தில் எழுப்பியவர் தந்தை செல்வநாயகம். அவ்வாண்டு மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறிற்று. 1977இல் எம். எச். எம். அஷ்ரப் போன்ற இளைஞர்கள் இருந்த முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி, தமிழர் விடுதலைக் கூட்டணியோடு உடன்பாடு செய்து, உதயசூரியன் சின்னத்தில் முஸ்லிம் வேட்பாளர்களை நிறுத்தியது. கூட்டணி 18 ஆசனங்களோடு எதிர்க்கட்சியாயிற்று. முஸ்லிம் வேட்பாளர்களில் ஒருவரும் வெல்லவில்லை. அதே தேர்தலில் பதியுதீன் மஹ்மூத் மட்டக்களப்பில் போட்டியிட்டுத் தோற்றார். இரண்டு வழியில் போன முஸ்லிம்களும் ஒரே நாளில் தோற்ற அந்த 1977 ஜூலை 21ஆம் திகதியைப் பற்றி எங்கள் தமிழ் அரசியல் நூல்கள் ஒரு வரியில்கூட நின்று பார்ப்பதில்லை.

கலை இலக்கியத்தில் மட்டும் இந்தக் கோடுகள் அவ்வளவு கறாராக விழவில்லை. இந்தியச் சஞ்சிகைகளின் வரவைக் கட்டுப்படுத்தியபோது முணுமுணுத்தவர்கள்கூட, ஈழத்து எழுத்துக்கு அதனால் கிடைத்த இடத்தைப் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். மிளகாய்க்கு நடந்தது எழுத்துக்கும் நடந்தது என்று சொல்லலாம். வீரகேசரிப் பிரசுரமாக 1973இல் வந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டையும் அதன் மனிதரையும் முதன்முதலாக நாடெங்கும் கொண்டுபோயிற்று. அதற்குச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. எங்கள் பேச்சு அச்சில் வரத் தகுதியானது என்பதை அந்த நாவலைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' முஸ்லிம் எழுத்தாளர் பலருக்குத் தாய்வீடாக இருந்தது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி இரவு, 10ஆம் திகதி, வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் கூடியிருந்த மக்கள் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தது யாருடைய பேச்சை? திருச்சிப் பேராசிரியர் நயினார் முகம்மதுவின் பேச்சை. அந்தப் பேச்சின் நடுவில்தான் பொலிசார் புகுந்தார்கள், உயிர்கள் பறிபோயின. ஆண்டுதோறும் அஞ்சலி செய்கிறோம். அன்று ஒலிவாங்கியின் முன் நின்ற தமிழறிஞர் ஒரு முஸ்லிம் என்பதை அஞ்சலிக் கூட்டங்களில் நான் கேட்டதில்லை.

அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் கைலாசபதி முதல் தலைவர். திருகோணமலையில்தான் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று தமிழ்த் தலைவர்கள் அதை எதிர்த்தார்கள். இன்று அந்த எதிர்ப்பு யாருக்கும் நினைவில்லை. வண்ணார்பண்ணையில் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமாகி, கொழும்பு ஸாஹிராவை வளர்த்த ஏ. எம். ஏ. அஸீஸ் 1973இல் காலமானார். அவருக்கு மறைவுக்குப் பின் கலாநிதிப் பட்டம் வழங்கிக் கௌரவித்ததும் அந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே. கல்முனைப் பக்கத்திலிருந்து எம். ஏ. நுஃமான் அங்கே விரிவுரையாளராக வந்தார். 1981இல் நூலகம் எரிந்தபோது இன்றுவரை எல்லாராலும் நினைவுகூரப்படும் கவிதையை எழுதியவரும் அவர்தான்.

மிளகாய்க் காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1977இல் வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. கொழும்பு மூச்சு விட்டது, வன்னியில் செத்தல் சாக்கோடு கிடந்தது. கடன்பட்டு இறைப்பு இயந்திரம் வாங்கியவர்கள் அதை விற்றுக் கடனைக் கட்டினார்கள். 1978இல் புதிய யாப்பு, 1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம். தோட்டத்தில் வருமானமற்ற பொடியளுக்கு அந்த நேரம் வேறு வேலைகள் காத்திருந்தன. 1978இல் வவுனியா உள்ளிட்ட அயல் மாவட்டங்களிலிருந்து பிரித்து முல்லைத்தீவு தனி மாவட்டமானது. அதன் பலன் முழுவதும் கிடைக்க முன்னரே யுத்தம் வந்துவிட்டது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை இங்கே விரித்து எழுத எனக்குத் தகுதி போதாது. அதை அனுபவித்தவர்கள் இதே பக்கங்களை வாசிக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்வேன். ஏறத்தாழ 75,000 பேர் போனபோது அயலில் நின்று பார்த்தவர்களில் சிலருடைய மனத்திலாவது, 'எங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்த ஆட்கள்தானே' என்ற பழைய கணக்கு இருந்தது. வளர்ந்தவர்கள் அப்படிப் பேசியதைச் சிறுவனாக நான் காதால் கேட்டிருக்கிறேன். பதியுதீன் மஹ்மூத் பதவியிழந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாவட்டக் கோட்டா இன்னும் உயிரோடு இருக்கிறது. இப்போது பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் எல்லாம் உண்டு. யாழ்ப்பாணமும் உண்டு. இதை வடமராட்சி நண்பனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு கைநூலைப் பார்த்துவிட்டு எடுத்து, 'மாமா உயிரோடை இருந்தால் கோட்டா வேணும் எண்டு ஊர்வலம் போவார்' என்றான்.

முசலி நண்பனுக்குச் சிக்கல் வேறு விதமானது. வெளியேற்றப்பட்டவர்களின் பிள்ளைகள் புத்தளத்தில் படித்துப் புத்தள மாவட்டத்தின் இடங்களில் பல்கலைக்கழகம் போனதால் அங்குள்ள முஸ்லிம்களுக்கே மனக்கசப்பு உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் புத்தளமும் அந்தப் பதினாறில் ஒன்று. நண்பன் முசலியில் பழைய காணியைத் துப்புரவாக்கி வீடு கட்டியிருக்கிறான். மனைவியும் பிள்ளைகளும் புத்தளத்தில். மூத்த மகள் சாதாரணதரத்தில் நன்றாகச் செய்து, உயிரியல் படிக்கப் போகிறாள். பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டு எந்தப் பாடசாலையில் படிக்கிறாள் என்பதைப் பொறுத்தே அவள் எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பது முடிவாகும். மன்னாருக்கு வந்தால் வெட்டுப்புள்ளி சாதகமாக இருக்கலாம், ஆனால் முசலியில் உயிரியல் ஆசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். புத்தளத்தில் ஆசிரியர் இருக்கிறார், டியூசன் இருக்கிறது, 'நீங்கள் இந்த ஊரா' என்ற கேள்வியும் இருக்கிறது.

'மச்சான், நீ வாத்தி, நீ சொல்லு' என்று என்னிடம் கேட்டான். அந்தப் பழைய விடுதி இரவில் போல வாய்மூடி இருக்க முடியவில்லை. இரண்டு மாவட்டங்களின் கடந்த மூன்றாண்டு வெட்டுப்புள்ளிகளையும் ஒரு கொப்பியில் எழுதி எடுத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அழைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.